எட்டாம் இடத்து ஹைட்ராக்சில்: டெல்லியில் டி. ஆர். சேஷாத்ரி – ஒரு நிகழ்வு ஆய்வு

1960ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி தேர்ந்தெடுத்த புதிய உறுப்பினர்களில் ஒருவர் குளித்தலையில் பிறந்தவர். திருவேங்கட ராஜேந்திர சேஷாத்ரி. அப்போது அவர் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் தலைவர். 1963இல் பத்மபூஷண் வந்தது. 1967இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆயிரத்தைத் தாண்டும் ஆய்வுக் கட்டுரைகள். அவரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் சுமார் 160 பேர்.

விருதுகளும் எண்ணிக்கைகளும் இவ்வளவு போதும். இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்களில் பழகிவிட்டு வந்த ஒருவர், அவற்றின் வசதியில் பாதிகூட இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே இருந்துகொண்டே உலகம் திரும்பிப் பார்க்கிற கரிம வேதியியலை எப்படிச் செய்தார்? அதையும் தனியாளாகச் செய்யாமல், மாணவர் பின் மாணவராக 40 ஆண்டுக்கு மேல் எப்படிக் கொண்டுபோனார்?

டெல்லியில் இளநிலை மாணவர்களுக்குக் கரிம வேதியியல் நடத்துகிறவன் நான். இந்த ஊரில் தமிழர்கள் என்றால் கரோல்பாக், ஆர்.கே.புரம், மத்திய அரசு அலுவலகம், தமிழ்ச் சங்கம் என்றுதான் பேச்சு போகும். வடக்கு வளாகத்து ஆய்வகத்தில் ஒரு தமிழர் உலகத் தரத்தில் ஒரு ஆய்வுப் பள்ளியையே நிறுவினார் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

வந்த வழி

பிறப்பு 1900 பிப்ரவரி 3. பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. படிக்க ராமகிருஷ்ண மிஷன் கைகொடுத்தது. கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பிமன் பிஹாரி தே. கூமரின் என்ற சேர்மக் குடும்பத்தில் தே அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். சேஷாத்ரியின் முதல் ஆய்வுகளும் அதில்தான். கூமரினில் ஒரு பென்சீன் வளையமும் ஆக்சிஜன் உள்ள இன்னொரு வளையமும் ஒட்டியிருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த, செடிகளின் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோன்களின் அடிக்கட்டும் கிட்டத்தட்ட இதே சாயல்தான். 20 வயதுகளில் கை பழகிய மூலக்கூறு 70 வயதுவரை அவரை விடவில்லை.

1927இல் சென்னை அரசாங்கத்தின் உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் 1929இல் முனைவர் பட்டம். பூக்களுக்குச் சிவப்பும் நீலமும் தருகிற ஆந்தோசயனின்களை ராபின்சன் செயற்கையாகத் தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ராபின்சனின் தனித்தன்மை ஒன்றுண்டு. ஒரு இயற்கைப் பொருளின் கட்டமைப்பைக் கண்டறிந்ததோடு அவர் விடமாட்டார். செடி இதை எப்படிக் கட்டியிருக்கும் என்றும் கேட்பார். அந்தப் பழக்கம் சேஷாத்ரிக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்து எடின்பரோவில் ஜார்ஜ் பார்ஜரிடம் ஆல்கலாய்டு (செடிகளில் உள்ள நைட்ரஜன் சேர்மங்கள்) வேலை, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகலிடம் பயிற்சி. வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியில் கடந்துபோகிற இந்தக் கிராட்ஸ் பயணத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பிரெகல் 1923இல் நோபல் பெற்றதே நுண்பகுப்பாய்வுக்காகத்தான். ஒரு பொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அளக்க அதற்கு முன் அந்தப் பொருள் கணிசமான அளவில் வேண்டும். பிரெகலின் முறையில் சில மில்லிகிராம் இருந்தால் ஆயிற்று. கூடை கூடையாகப் பூவைக் காய்ச்சி, கடைசியில் ஒரு சிட்டிகை மஞ்சள் படிகம் மட்டும் கையில் மிஞ்சுகிற ஆளுக்கு இதைவிட உதவியான வித்தை வேறில்லை. எந்த ஊருக்குத் திரும்பப் போகிறோம், அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த பயிற்சி மாதிரியே எனக்குப் படுகிறது.

திரும்பி வந்ததும் கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்ச காலம் மண் பகுப்பாய்வு. அப்புறம் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகம். புதிதாக எழுந்துகொண்டிருந்த துறையை அங்கே அவர் கட்டியெழுப்பினார்.

பருத்திப் பூ, பூவரசம் பூ

வால்டேரில் அவர் முன்னால் பல வழிகள் இருந்தன. ராபின்சனின் பாணியில் நீண்ட, பல படிகள் கொண்ட தொகுப்பு வேலையில், அதாவது எளிய பொருள்களிலிருந்து மூலக்கூறைக் கட்டும் வேலையில், இறங்கியிருக்கலாம். அதற்கு விலை உயர்ந்த தொடக்கப் பொருள்கள் கப்பலில் வர வேண்டும். ஆல்கலாய்டுகளைத் தொட்டிருக்கலாம். அதில் ஐரோப்பாவோடு நேருக்கு நேர் போட்டி. அவர் எடுத்தது சுற்றுப்புறத்துச் செடிகளின் நிறமிகளை.

முதல் பெரிய தொடர் பருத்திப் பூக்கள். 1930-களின் நடுவில் வெளிவரத் தொடங்கிய அந்தக் கட்டுரைகளில் முதலில் வருவது கொங்கு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த கம்போடியா பருத்தி. பருத்திப் பூவில் காசிப்பெட்டின் என்ற மஞ்சள் நிறமி இருப்பதை ஏ. ஜி. பெர்க்கின் முன்பே காட்டியிருந்தார். சேஷாத்ரியின் குழு ரகம் ரகமாகப் பூக்களை எடுத்து, எதில் எந்த நிறமி, எந்தச் சர்க்கரையோடு சேர்ந்து இருக்கிறது என்று பார்த்தது. பிறகு பருத்தியின் சொந்தங்களுக்குப் போனது. பூவரசம் பூ, புளிச்சகீரை இனங்களின் பூக்கள், காட்டில் வளரும் செம்பருத்தி வகைகள் எல்லாம் தாவரவியல்படி ஒரே குடும்பம். ஹைபிசிட்ரின், கன்னாபிசிட்ரின், பாபுல்னின், காசிப்பின் என்று இந்தப் பூக்களிலிருந்து வரிசையாகச் சேர்மங்கள் வெளிவந்தன. புங்க மரத்தின் பட்டையும் விதையும் தனித் தொடராயின. மீனை மயக்கப் பயன்படும் செடிகள், மரத்தில் ஒட்டி வளரும் லைக்கன்கள் என்று பட்டியல் நீண்டது.

பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத தமிழ்ப் பிள்ளை போன தலைமுறைவரை இருந்திருக்காது. அந்த மரத்தின் பூவுக்குள் இருப்பதை மூலக்கூறு அளவில் எழுதிவைத்தவர்களில் முன்னோடி நம்ம ஊர்க்காரர் என்று வகுப்பில் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

இந்தத் தேர்வில் பெரிய கணக்கு இருக்கிறது. மூலப்பொருளுக்குச் செலவு கிடையாது. ஐரோப்பாவில் இருப்பவருக்கு உலர்ந்த சரக்கு, இவருக்குப் பறித்த பூ. ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் ஒரு பூவில் கற்ற பிரித்தெடுப்பு முறை அடுத்த பூவுக்கும் பொருந்தும். ஒரு மாணவர் பிரித்தெடுத்த பொருள் அடுத்த மாணவருக்கு ஒப்பீட்டு மாதிரி. இதையெல்லாம்விட முக்கியமானது, ஒன்றோடொன்று உறவுள்ள 10, 15 மூலக்கூறுகள் மேசைமேல் இருந்தால்தான், இவற்றை இயற்கை எந்த வரிசையில் செய்கிறது என்ற ராபின்சன் பாணிக் கேள்வியையே எழுப்ப முடியும். தனித்தனிச் செடியாகக் கண்டபடி பொறுக்கியிருந்தால் அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

எட்டாம் இடம்

இந்த ஆய்வின் மையம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெங்காயத் தோலில் குர்செட்டின் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. அதன் மூலக்கூறில் 5 ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள். எண் போட்டுச் சொன்னால் 3, 5, 7 ஆகிய இடங்களிலும், பக்கத்து வளையத்தில் இரண்டு இடங்களிலும். பருத்திப் பூவின் காசிப்பெட்டினில் இவை ஐந்தும் அப்படியே உண்டு, கூடவே 8ஆம் இடத்தில் ஆறாவதாக ஒன்று. வித்தியாசம் அந்த ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான். சாமந்தி இனத்தைச் சேர்ந்த துலுக்கச் சாமந்தியின் குர்செட்டாஜெட்டினில் அந்தக் கூடுதல் ஹைட்ராக்சில் 6ஆம் இடத்தில் இருக்கிறது. அப்படியானால் செடி முதலில் குர்செட்டின் போன்ற எளிய பொருளைச் செய்துவிட்டு, பிறகு ஆக்சிஜனேற்றம் செய்து கூடுதல் ஹைட்ராக்சிலைச் சேர்க்கிறதா? அப்படித்தான் இருக்கும் என்பது சேஷாத்ரியின் எண்ணம். அதை ஆய்வகத்தில் செய்துகாட்ட ஒரு வினை வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட வினை பழையது. பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் ஏந்திய ஒரு ஃபீனாலைக் காரக் கரைசலில் பொட்டாசியம் பெர்சல்பேட்டோடு வைத்தால், இருக்கிற ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிர்முனையில் புதிதாக ஒரு ஹைட்ராக்சில் ஏறும். 1893இல் கார்ல் எல்ப்ஸ் சொன்னது. இதை ஃபிளேவோன்களுக்கும் கூமரின்களுக்கும் முறையாகக் கொண்டுவந்து, 1940-களின் பிற்பகுதியிலிருந்து நீண்ட தொடராக வெளியிட்டது சேஷாத்ரியின் பள்ளி.

குர்செட்டினை அப்படியே பெர்சல்பேட்டில் போட்டால் 5 ஹைட்ராக்சிலும் தாக்குப்பட்டு எல்லாம் பாழ். ஆகவே மற்றவற்றை முதலில் மூட வேண்டும். இங்கேதான் மூலக்கூறே ஒரு வசதி செய்துதருகிறது. 5ஆம் இடத்து ஹைட்ராக்சில், பக்கத்தில் இருக்கும் கார்போனைல் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. அசிட்டோனில் குர்செட்டினைப் போட்டு, பொட்டாசியம் கார்பனேட்டும் அளவான டைமெத்தில் சல்பேட்டும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், மற்ற நான்கும் மெத்தில் ஏற்றுக்கொண்டு மூடிக்கொள்ளும். கட்டுண்ட 5ஆம் இடம் மட்டும் தப்பி நிற்கும். இப்போது பெர்சல்பேட் போட்டால் தாக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. 5க்கு நேர் எதிர்முனை எது? 8. கிடைப்பது காசிப்பெட்டினின் மெத்தில் ஈதர். வெங்காயத் தோல் நிறமியிலிருந்து பருத்திப் பூ நிறமிக்கு, விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், இரண்டே பெரிய படிகளில் போய்ச் சேர்ந்தாயிற்று.

செய்முறை பார்க்க எளிமை, கையில் பொறுமை வேண்டும். குளிர்ந்த காரக் கரைசலில் பெர்சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில், கலக்கிக்கொண்டே விட வேண்டும். ஒரு நாள் அப்படியே வைக்க வேண்டும். பிறகு அமிலமாக்கினால் வினைபுரியாமல் மிஞ்சிய தொடக்கப் பொருள் படியும். அதை வடிகட்டி, கொஞ்சநஞ்சம் கரைந்திருப்பதை ஈதரால் எடுத்துவிட வேண்டும். நமக்கு வேண்டிய பொருள் இப்போது கண்ணில் படாது. சல்பேட் எஸ்டராகத் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். முதல் முறை செய்கிற மாணவர் இந்தக் கட்டத்தில் வினை தோற்றுவிட்டது என்று நினைத்து நீரைக் கொட்டிவிடுவார். கொட்டக்கூடாது. இன்னும் அடர் அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் எஸ்டர் உடைந்து புதிய ஃபீனால் வெளியே வரும். புதிதாகப் பிறந்த அந்தப் பொருளைக் காற்றே ஆக்சிஜனேற்றிக் கெடுத்துவிடும் என்பதால் சோடியம் சல்ஃபைட் கொஞ்சம் சேர்ப்பதும் உண்டு. விளைச்சல் குறைவு. ஆனால் தேவை கட்டமைப்பை உறுதிப்படுத்தும் அளவுதான். அதற்கு இது தாராளம். பிரெகலிடம் கற்ற கை இங்கே உதவிக்கு வருகிறது.

பெர்சல்பேட் வினையை என் மாணவர்களைக் கொண்டு செய்விக்க முடிவதில்லை. டைமெத்தில் சல்பேட் கொடிய விஷம், இளநிலை ஆய்வகத்தில் அதைத் திறக்கவே கூடாது. ஆனால் குர்செட்டினைக் கண்ணில் காட்டிவிடலாம். காய்ந்த வெங்காயத் தோலை எரிசாராயத்தில் கொஞ்ச நேரம் சூடாக்கி வடிகட்டினால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு. அதில் மெக்னீசியம் துணுக்கு இரண்டு போட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பார்த்துப் பார்த்துச் சொட்டினால், நுரை கிளம்பி அடங்கும்போது சாறு செம்மை கலந்த இளஞ்சிவப்பாக மாறும். சேஷாத்ரி காலத்தில் ஒரு புதுப் பூச்சாறு ஃபிளேவோனாய்டு வகையா என்று முதலில் பார்க்க இந்த மாதிரி நிறச் சோதனைகள்தான் துணை. அப்படி ஒரு நாள் செய்துகொண்டிருக்கும்போது, கரோல்பாக்கில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி, "சார், எங்க பாட்டிக்கும் குளித்தலைதான். இவரப் பத்தி வீட்ல யாருமே சொன்னதில்லையே?" என்றாள். அடுத்த வாரம் பாட்டியிடம் கேட்டுவிட்டு வந்தாள். பாட்டிக்கும் தெரியவில்லையாம். இப்போது பாட்டிக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் ஒரு வினை நடக்கிறது என்பதற்காகச் செடியும் அதையேதான் செய்கிறது என்று ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பொருளைச் செடி எப்படிக் கட்டுகிறது என்று சொன்ன அந்தக் காலத்துக் கொள்கைகள் பலவும் காகிதத்தில் அழகாக இருந்துவிட்டு, பிற்பாடு கதிரியக்கச் சுவடுகளைக் கொண்டு சோதித்தபோது கவிழ்ந்துபோயின. சேஷாத்ரியின் இந்த எண்ணம் தப்பியது. ஃபிளேவோனால்களின் 8ஆம் இடத்திலும் 6ஆம் இடத்திலும் ஹைட்ராக்சில் ஏற்றுகிற நொதிகள் சில செடிகளில் பிற்காலத்தில் கண்டறியப்பட்டன. குர்செட்டினைக் காசிப்பெட்டினாக்கும் நொதியும் அவற்றில் உண்டு. செடி பெர்சல்பேட் பயன்படுத்தவில்லைதான். ஆனால் வரிசை அவர் சொன்ன வரிசை: முதலில் எளிய அடிக்கட்டு, பிறகு கூடுதல் ஆக்சிஜன்.

1949: டெல்லி

நடுவில் போர். 1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசின. வால்டேர் வளாகம் ராணுவத்தின் கைக்குப் போக, பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம் பெயர்ந்தது. கட்டிய ஆய்வகத்தைக் கலைத்துத் திரும்பக் கட்ட வேண்டிய நிலை. அந்த ஆண்டுகளிலும் கட்டுரைகள் நிற்கவில்லை.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அப்போது மாரிஸ் குவையர் இருந்தார். நல்ல ஆட்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவதில் அவருக்கு ஒரு பிடிவாதம். இயற்பியலில் டி. எஸ். கோத்தாரி ஏற்கெனவே இருந்தார். தாவரவியலுக்குப் பஞ்சானன் மகேஸ்வரி 1949இல் டாக்காவிலிருந்து வந்தார். அதே ஆண்டு வேதியியலுக்குச் சேஷாத்ரி. ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலம் சில ஆண்டுகளில் தலைகீழாக மாறியது இப்படித்தான்.

49 வயதில், கடலோர ஆந்திராவின் செடிகளை விட்டுவிட்டு வட இந்தியாவுக்கு வருகிறவர் என்ன செய்வார்? அவர் கேள்வியை மாற்றவில்லை, கூடையை மாற்றினார். இமயமலைச் செடிகள் வந்தன. மலைச் செர்ரியான பத்மகத்தின் பட்டையிலிருந்து பத்மகாஸ்டீன் என்ற ஐசோஃபிளேவனோன் (ஃபிளேவோன்களின் நெருங்கிய உறவு) வெளிவந்தது. இமயமலை லைக்கன்கள் தொடர்ந்தன. செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி நமக்குத் தெரியும், அதுவும் லைக்கன்தான். டெல்லியில் காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போனால் மூட்டை மூட்டையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் அந்த உயிரினம், வேறெங்கும் எளிதில் கிடைக்காத அமிலங்களைச் செய்துவைத்துக்கொள்கிறது. அவற்றின் கட்டமைப்பும், பூஞ்சை அவற்றை எப்படிக் கட்டுகிறது என்ற கேள்வியும் சேஷாத்ரியின் இரண்டாவது பெரிய களம்.

1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு உயராய்வு மையங்களைத் தொடங்கியபோது இயற்கைப் பொருள் வேதியியலுக்கான மையம் டெல்லித் துறைக்குக் கிடைத்தது. அப்போது மானியக் குழுவின் தலைவர் கோத்தாரி. சக பேராசிரியர் என்பதால் கிடைத்தது என்று யாராவது சொல்லக்கூடும். தலைவர் அதற்குள் ராயல் சொசைட்டி உறுப்பினராகிவிட்ட, ஆண்டுக்கு டஜன் கணக்கில் கட்டுரை வெளியிட்ட ஒரு துறையைத் தவிர்த்துவிட்டு அந்த மையத்தை வேறெங்கே வைத்திருக்க முடியும் என்பது என் எதிர்க்கேள்வி. 1965இல் ஓய்வு பெற்றபோது டெல்லிப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் மதிப்புறு பேராசிரியராக்கியது.

மாதுங்காவில் இன்னொருவர்

ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் நிகழ்வு ஆய்வு நிறைவு பெறாது. நல்ல வேளையாக ஒருவர் இருக்கிறார். கிருஷ்ணசாமி வெங்கட்ராமன். 1901இல் சென்னையில் பிறந்தவர். அவரும் மான்செஸ்டர், அவரும் ராபின்சனின் மாணவர், அவரும் ஃபிளேவோன். லாகூரில் ஆசிரியராக இருந்தபோது அவர் 1930-களில் கண்ட ஒரு வினை, அதே சமயம் பிரிட்டனில் வில்சன் பேக்கர் கண்டதோடு சேர்ந்து பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்ற பெயரில் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தமிழரின் பெயரைத் தாங்கிய கரிம வினையை உலகமெங்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

வெங்கட்ராமன் 1934இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறைக்குப் போனார். 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநர். துறை 1943இல் பம்பாயின் மாதுங்காவுக்கு இடம் மாறியது. தமிழர்கள் காபிக் கடையும் பூக்கடையும் வைத்து ஊராக்கிய அதே மாதுங்கா. சுற்றிலும் துணி ஆலைகள், ஆலைகளுக்குச் சாயம் வேண்டும். ஆகவே அவருடைய நிறமி வேதியியல் சாயப் பக்கம் திரும்பியது. செயற்கைச் சாயங்களின் வேதியியலைப் பற்றி 1952இல் அவர் கொண்டுவந்த பெருநூல் பின்னர் 8 தொகுதிகளாக வளர்ந்து உலகத்துக்கே கையேடானது. 1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரும் அவரே.

ஒரே ஆசான், ஒரே மூலக்கூறுக் குடும்பம், ஓராண்டு வயது வித்தியாசம். பம்பாய் ஒருவரைத் தொழிற்சாலையோடு இணைத்தது. வால்டேரிலும் டெல்லியிலும் அப்படி இழுக்கிற ஆலை எதுவும் இல்லை, ஆகவே இன்னொருவர் செடியோடும் மாணவரோடும் நின்றார். இதில் யார் பெரியவர் என்று கேட்பதில் பயனில்லை. சூழலுக்கு ஏற்ற கேள்வியை எடுப்பது என்று நான் மேலே சொன்னதற்கு இந்த இருவரும் இரண்டு சான்றுகள். இன்னொரு செய்தி: சேஷாத்ரி மறைந்த பின் ராயல் சொசைட்டிக்காக அவர் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர்கள் இருவர். ஒருவர் அவருடைய பழைய சகா எஸ். ரங்கஸ்வாமி. மற்றவர் அந்தப் பேக்கர்தான்.

எதிர்ப்பக்கம்

அவர் மேல் வைக்கக்கூடிய விமர்சனங்களைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை.

ஆயிரம் கட்டுரைகளில் கணிசமானவை ஒரே வினையை அடுத்தடுத்த ஃபிளேவோனில் செய்து பார்த்தவை. தனித்தனியாக எடுத்தால் சிறியவை. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மாணவருக்குக் கை பழகிய இடம், தொடராகப் படித்தால் முழுப் படம் தெரிகிறது. ஆனால் வெளியிலிருந்து படிக்கிற ஒருவர் சலித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நிறைய கட்டுரைகளை அவர் இந்திய இதழ்களில் வெளியிட்டார், முக்கியமாக சி. வி. ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் நடவடிக்கைக் குறிப்புகளில். வெளிநாட்டு இதழ் என்றால்தான் மதிப்பு என்று இன்றைக்கும் நினைக்கிற நாட்டில் இது பெரிய முடிவு. அதற்கு விலையும் இருந்திருக்கும். எல்லா வேலையும் போய்ச் சேரவேண்டிய கண்களுக்கு உடனே போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் ராயல் சொசைட்டி கதவு திறந்தது.

மூன்றாவது விமர்சனம் கனமானது. அவர் பள்ளியின் பலம் மூலக்கூறை உடைத்துப் பார்ப்பதும், துண்டுகளிலிருந்து கட்டமைப்பை ஊகிப்பதும், அதையே தொகுத்துக் காட்டி உறுதி செய்வதும். 1960-களில் மூலக்கூறை உடைக்காமலே கட்டமைப்பைக் காட்டும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலையும், அதன் எடையை அளக்கும் நிறை நிறமாலையும் பரவியபோது, ஒரு முனைவர் பட்டம் முழுக்க எடுத்த வேலை சில நாளில் முடியத் தொடங்கியது. எளிய கருவியை நம்பிக் கட்டிய ஒரு பள்ளிக்கு இது நேரடி அடி. அவர் சொந்த வாழ்க்கையின் கடைசிப் பகுதியே இதற்கான பதிலைக் காட்டுகிறது.

செம்மரம்

சேஷாசலம் மலைக் காடுகளில் வளரும் செம்மரத்தின் கட்டையில் சாண்டலின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. கட்டமைப்பு மட்டும் 150 ஆண்டுக்கும் மேல் யாருக்கும் பிடிபடவில்லை. மூலக்கூறு பெரியது, சரியாகக் கரையாது, உடைத்தால் கிடைக்கிற துண்டுகள் முழுமையைச் சொல்லவில்லை. செம்மரத்தின் மற்றப் பொருள்களைச் சேஷாத்ரி வால்டேர் நாட்களிலிருந்தே அறிந்தவர். சாண்டலின் மட்டும் பாக்கி நின்றது.

1970-களின் தொடக்கத்தில், 70 வயதைத் தாண்டிய மதிப்புறு பேராசிரியராக, ஒரு இளம் சகாவோடு அவர் அதைத் திரும்ப எடுத்தார். எல்லா ஹைட்ராக்சில்களையும் மெத்திலால் மூடி, கரையக்கூடிய ஈதராக்கி, அதை நிறமாலைக் கருவியில் ஏற்றினார்கள். முதல் படி அவருடைய பழைய குர்செட்டின் வித்தை, இரண்டாவது படி புதிய தலைமுறையின் கருவி. 1973இல் அந்த வேலை வெளிவந்தது. இத்தாலியக் குழு ஒன்றும் அதே மூலக்கூறில் இறங்கியிருந்தது. சாண்டலின்களின் கட்டமைப்பு அந்த ஆண்டுகளில்தான் நிலைபெற்றது. 1975 செப்டம்பர் 27 அன்று சேஷாத்ரி காலமானார். சாண்டலின்களை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டியது அதற்கு 38 ஆண்டு கழித்து, 2013இல், ஜெர்மனியில் டிர்க் டிரவுனரின் குழு. செடி எப்படிச் செய்திருக்கும் என்று ஊகித்து, அந்த வழியிலேயே போய்த்தான் அவர்களும் அதைச் செய்தார்கள்.

இந்திய அறிவியல் அகாடமி தன் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் முழுவதையும் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. சேஷாத்ரியின் பருத்திப் பூத் தொடர், பெர்சல்பேட் தொடர் இரண்டும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன. கரிம வேதியியலில் இரண்டாம் ஆண்டு முடித்தவருக்குப் புரியாத வரி அவற்றில் அதிகமில்லை. பருத்திப் பூவிலிருந்து தொடங்கினால் பெர்சல்பேட்டுக்கு ஏன் போனார் என்பது தானாகவே விளங்கும். எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுச் செயல்திட்டத்துக்கு இந்த ஆண்டு முதல் அந்தத் தொடரைத்தான் கொடுக்கிறேன்.